பாபநாசத்தில் திரும்பிய கொடுவா

எனக்குப் பொய் சொல்லுதவனக் கண்டாலே ஆகாது, பாத்துக்கிடுங்க. ஒடம்பெல்லாம் எரியும். அதனாலதான் இந்தச் சங்கதிய நானே என் வாயால சொல்லிப்புடலாம்னு பாக்கேன். வேற எவனும் சொன்னா கூடக்கொறையச் சொல்லிருவான்.

தூத்துக்குடியில தூண்டில் சாமான் விக்குத கடை எங்களுக்கு. எங்களுக்குன்னா, எம் பொண்டாட்டி ஜெசிந்தாவுக்கு. மாமனார் வச்சுக் குடுத்தது. கல்லாவுல அவ உக்காருவா, ஃபேனுக்குக் கீழ நாற்காலியில நான் உக்காருவேன். வாறவங்களுக்கு ஆலோசன சொல்லுதது என் வேல. "ரீலு விக்கிறது நான், விடுறது இவரு"ன்னு அவ எல்லாருட்டயும் சொல்லுவா. சொல்லிட்டுப் போறா. லியோன் பர்னாந்துன்னா யாருன்னு கடலுக்குத் தெரியும்.

போன வருசம் ஒரு பெரிய ரீலு, நான்தான் போன்ல பாத்து வரவழச்சேன். நல்ல உருப்படி. தடிச்ச நூலு எவ்வளவு வேணும்னாலும் புடிக்கும், உள்ள இரும்புப் பல்லுச் சக்கரம். பெட்டியப் பிரிச்சா, சவம், கைப்பிடி எடது பக்கம் இருக்கு! எங்க ஊர்ல எவன் எடது கையால சுத்துவான்? வாறவன் எடுப்பான், பாப்பான், சிரிப்பான், வச்சிட்டுப் போயிருவான். கடைசியில ஜெசிந்தா சொல்லிட்டா: "மாதா கோயில் கொடியேத்துக்குள்ள இது போயாகணும். இல்லன்னா நீங்க எந்தம்பி ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போங்க."

ஐஸ் ஒடைக்குத மிஷின் சத்தத்தக் கேட்டிருக்கியளா? பக்கத்துல நிக்கவன் கத்துனாலும் காதுல விழாது. அங்க போயி நான் யாருட்ட என்னத்தப் பேச? 

கொடியேத்துக்கு மொத நா, பலவேசம்னு ஒரு தம்பி வந்தாரு. பாளையங்கோட்டையில கரண்டு ஆபீஸ்ல வேல. பைக்குள்ள கைய விட்டு ஒரு ரப்பர் மீன எடுத்து மேசையில போட்டாரு. முழங்கை நீளம் இருக்கும். தொட்டா வாலு ஆடுது. மேசை ஓரத்துல படுத்துக் கெடந்த பூன எந்திரிச்சு உக்காந்துட்டு.

"அண்ணாச்சி, கொடுவா மீனு புடிக்க இத எறியணும். இந்தக் கனத்தத் தாங்குத ரீலா குடுங்க"ன்னாரு.

போன ஞாயித்துக்கிழம புன்னக்காயல் முகத்துவாரத்துல வள்ளத்துல நின்னு இதையே சின்ன ரீல்ல எறிஞ்சிருக்காரு. நல்ல கொடுவா மாட்டியிருக்கு. சுத்துன சுத்துல ரீலுக்குள்ள பல்லு ஒடைஞ்சு, மீனு போயிட்டு. போனா போவுதுன்னு விட முடியாது, கூட இருந்தது இவரு மச்சான். அன்னையிலருந்து மாமியார் வீட்டுல தட்டுல மீன் துண்டு விழும்போதெல்லாம், "மாப்ள, கெட்டியா புடிங்க, பிச்சுக்கிட்டுப் போயிரப் போவுது"ங்கானாம். பொண்டாட்டியும் சேந்து சிரிக்காளாம். இந்த ஞாயித்துக்கிழமயும் அதே வள்ளம், அதே மச்சான். சொல்லும்போதே அந்தத் தம்பிக்கு மொகம் சுண்டிப் போச்சு.

ஜெசிந்தா ஒரு ரீல எடுத்து வச்சா. நான் விடுவேனா?

"தம்பி, இது நண்டுக்குத் தாலாட்டுத ரீலு. இப்படி ஒண்ணுலதான் நான் ஒருக்க கனத்த ரப்பர் மீன எறிஞ்சு, மாட்டுனத இழுத்தேன். சுத்தச் சுத்த ரீலு சூடாவுது. சூடு நூல் வழியா எறங்குது. கரைக்கு வந்து சேரும்போது மீனு பொரிஞ்சு வந்துட்டு. மசாலா இல்ல, அது ஒண்ணுதான் கொற."

"உப்பு?"ன்னாரு தம்பி.

"கடல்லருந்துல்லா வருது! உப்பு எதுக்குத் தனியா?"

ஜெசிந்தா அடுத்தத எடுத்து வச்சா. "சார், இது வேகமா சுத்தும். ஒரு சுத்துக்கு ஒரு மீட்டர் நூல இழுக்கும்."

"வேகம் ஆகவே ஆகாது தம்பி! இதுல நான் எறிஞ்சு ஒரு சுத்துதான் சுத்துனேன். ரப்பர் மீனு தண்ணியத் தொடுததுக்கு முன்னாலயே திரும்பி வந்துட்டு. ரெண்டாவது சுத்துல, நான் நாளைக்கு எறிய வேண்டியதுக்கும் சேத்து மீனு வந்துட்டு. மறுநா எனக்கு வேலயே இல்ல. கனத்த மீனுக்கு வேகமா முக்கியம்? பெலம்லா வேணும்."

"பெலம் வேணும்கிறது வாஸ்தவந்தான்"ன்னா ஜெசிந்தா. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ ஒத்துக்கிட்ட மொத வார்த்த அது.

"எறியும்போது நூலு சிக்கு விழுதே, அதுக்கு என்ன செய்ய?"ன்னு தம்பி கேட்டாரு.

"நூல் சுத்துன உருள மேல பெருவெரல வச்சுக்கிடணும். நான் ஒருக்க வைக்க மறந்துட்டேன். விழுந்துச்சு பாருங்க சிக்கு! வள்ளத்துல எடம் பத்தல. கரைக்குக் கொண்டாந்து ரெண்டு கம்பத்துல கட்டுனோம். எங்க தெரு பையனுவ இன்னைக்கும் அதுலதான் வாலிபால் வெளையாடுதானுவ."

தம்பி ஜெசிந்தாவப் பாத்தாரு. அவ கணக்கப் பாத்தா.

இதான் நேரம்னு நான் நாற்காலிய ஓரமாத் தள்ளிட்டு எந்திரிச்சு அந்த எடதுகை ரீல எடுத்தேன். கைப்பிடி தெரியாதபடி எடது உள்ளங்கைக்குள்ள பொத்திக்கிட்டேன்.

"இந்தா இருக்கு. இதே மாடலுதான் நான் வச்சிருந்தது. புன்னக்காயல்ல எறிஞ்சேன். ரப்பர் மீனு போவுது, போவுது, போய்க்கிட்டே இருக்கு. நெசமான மீனுன்னு நெனச்சு நாலு கொக்கு பின்னாலயே பறக்கு. ரெண்டு களைச்சுப் போயித் திரும்பிட்டு. அப்புறம் விழுந்துச்சு. விழுந்த எடத்துலயே கொடுவா கவ்விட்டு. கடல் பக்கம் ஓடும்னு பாத்தா, மூதி, ஆத்துக்குள்ள திரும்பிட்டு! வள்ளத்தையும் இழுத்துக்கிட்டு தாமிரபரணியில எதிர்நீச்சல்ல ஏறுது."

"எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"கேளுங்க. ஆத்தூர்ல வெத்தலக் கொடிக்காரங்க கைய ஆட்டுதாங்க. திருப்பி ஆட்ட முடியல. ஏரல் பாலத்துக்கு அடியில குனிஞ்சேன். ஸ்ரீவைகுண்டம் அணை வந்துச்சு. சரி, இங்க நின்னுரும்னு நெனச்சேன். ஒரே தாவு! மீனும் அந்தப் பக்கம், வள்ளமும் அந்தப் பக்கம், நானும் அந்தப் பக்கம். அணையில நின்ன ஆளு, 'பெர்மிஷன் வாங்கிட்டீயளா'ன்னு கேக்கான். 'மீனுட்ட கேளு'ன்னுட்டேன்."

தம்பி சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு அது பிடிக்கல. சீரியஸான விசயம்லா சொல்லுதேன்!

"திருநெல்வேலி வந்தாச்சு. பசின்னா பசி. பாலத்து மேல ஒரு அல்வாக்காரரு நின்னாரு. 'அண்ணாச்சி, கால் கிலோ'ன்னு சத்தம் குடுத்தேன். பொட்டலத்தோட வள்ளத்துல குதிச்சிட்டாரு. ஆனா எப்படித் திங்க? வலது கை ரீலு சுத்துது. ஒரு நிமிசம் எடுத்தாலும் மீனு போயிரும். எடது கையால எடுத்துத் திங்கலாமா? நம்ம வழக்கத்துல உண்டுமா? நீங்களே சொல்லுங்க."

"கூடாதுதான்"ன்னாரு தம்பி.

"ஆங்! அதனால அல்வாக்காரரே ஊட்டிவிட்டாரு. நெய்யி கன்னத்துல வழியுது, தொடைக்கக் கூட வலது கைய எடுக்கல. சேரன்மகாதேவி வரைக்கும் ஊட்டுனாரு. புண்ணியவான், அங்கதான் எறங்குனாரு. பாபநாசம் வந்துச்சு. மேல அருவி. மீனு அருவியப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, சரி போதும்னு திரும்பிட்டு. மறுபடி புன்னக்காயல் வரைக்கும் வந்து கரையேத்துனேன். அவ்வளவுக்கும் ரீல்ல ஒரு பல்லு தேயல."

"மீனு எவ்வளவு பெருசு?"

"அதச் சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னா நம்ப மாட்டீய."

அந்த நேரம் பாத்து தம்பி கைய நீட்டி ரீல வாங்கிட்டாரு. நான் பொத்தியிருந்த கை காலியாயிட்டு. உருளய உருட்டிப் பாத்தாரு, பிரேக்கத் திருகிப் பாத்தாரு, தலைய ஆட்டுனாரு. அப்புறம் சுத்துறதுக்கு வலது கையக் கொண்டு போனாரு. அங்க ஒண்ணும் இல்ல.

"அண்ணாச்சி, கைப்பிடி எடது பக்கம்லா இருக்கு?"

நான் மேல ஃபேனப் பாத்தேன்.

"இதே மாடலுன்னு சொன்னீய. வலது கைய எடுக்கவே இல்லன்னீய. அல்வாவக் கூட அவருதான ஊட்டுனாரு?"

ஜெசிந்தா பேனாவக் கீழ வச்சா. கடைக்குள்ள ஃபேன் ஓடுத சத்தம் மட்டும் கேக்கு. எனக்கு அது ஐஸ் மிஷின் சத்தமாட்டுக் கேட்டுச்சு.  வாழ்க்கையில மொத தடவையா லியோனுக்குப் பேச்சு வரலியேன்னு அழுகையே வந்துட்டு, பாத்துக்கிடுங்க. 

"தம்பி, போகும்போது ஏரல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஆத்துல மேல போனா வலது பக்கம்."

"வரும்போது?"

"எடது பக்கம்."

"அவ்வளவு பெரிய ஊரே எடது பக்கம் வந்துருது. பாபநாசத்துல மீனு திரும்புச்சு, வள்ளம் திரும்புச்சு, நான் திரும்புனேன். இத்தனூண்டு கைப்பிடி மட்டும் வலது பக்கமே நிக்குமா?"

தம்பி மேசையப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. பூன எறங்கி வெளியே ஓடிட்டு.

"அக்கா, இத பில் போடுங்க"ன்னாரு.

எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. "அப்போ நம்புதீயளா தம்பி?"

"ஒரு வார்த்த நம்பல அண்ணாச்சி. எடது கையால சுத்த நான் பழகிக்கிடுவேன். ஆனா ஞாயித்துக்கிழம இதுலயும் மீனு பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு வைங்க, மச்சான் மொகத்துல எப்படி முழிப்பேன்? இப்போ பயமில்ல. ஏரல்லருந்து கதைய ஆரம்பிச்சிருவேன்."

ஜெசிந்தா பெட்டியில போட்டுக் கட்டுனா. என் பக்கம் திரும்பவே இல்ல. ஆனா கல்லாவுலருந்து எறங்கி வரும்போது, ஓரத்துல கெடந்த என் நாற்காலியக் காலாலயே தள்ளி ஃபேனுக்குக் கீழ விட்டா. நான் போயி உக்காந்துட்டேன்.

பெட்டிய அவரு கையில குடுத்தா.

"சார், ரீலுக்கு ஒரு வருசம் கேரண்டி. கதைக்குக் கெடையாது."