தொட்டில்ல தூங்குன கொழவிக்கல்லு

ஒரு ஊர்ல ஒரு மாவுக்காரி இருந்தாளாம். பேரு பொற்கொடி. கண்ண மூடிக்கிட்டு கேளு யாழி, முழிச்சுக்கிட்டு கேட்டா அத்தை சொல்ல மாட்டேன். என்ன? பிரிட்ஜ் சத்தம் கேக்கலையா? எப்படிடி கேக்கும், நாளைக்கு வீடு மாத்தணும்னு உங்கப்பன் சாயந்திரமே பிளக்கப் புடுங்கிட்டானே. அது பாட்டுக்கு தூங்குது. அதுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல பாரு. காலை எடு என் மேலேர்ந்து. ம் சொல்லிக்கிட்டே வா.

ம்.

பொற்கொடி இட்லி மாவு அரைச்சு விப்பா. புருஷன் காய்ச்சல்ல செத்துப் போயிட்டான், பிள்ளையும் கிடையாது. ஒரு கிரைண்டரு, ஒரு பிரிட்ஜு, ஒரு டிவி, இந்த மூணும்தான் அவ குடும்பம். புருஷன் செத்துட்டான்னா அந்த ஊர்ல நல்லது நடக்கிற வீட்டுக்கு அவளக் கூப்பிட மாட்டாங்க. ஏன்னு கேக்குறியா? என்னத்தச் சொல்ல, கிறுக்குப் பயலுக, அவ்வளவுதான். அவ அரைச்ச மாவு கல்யாண வீட்டுக்குப் போகும், காதுகுத்துக்குப் போகும், வளைகாப்புக்கும் போகும். அவ மட்டும் போக மாட்டா. வாசல்ல மாவுத் தூக்க வச்சுட்டு அப்படியே திரும்பிருவா. அது அவளுக்குப் பழகிப் போச்சு.

அப்புறம் என்னாச்சுன்னா, வீட்டுக்காரரு தன் மகளுக்கு வீடு வேணும், காலி பண்ணும்மான்னுட்டாரு. பொற்கொடியும் அலைஞ்சு திரிஞ்சு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பாத்தா. ஆனா கேட்ட அடைச்சான்னா திறக்க அரை மணி நேரம் ஆகும். மாவுக்காக எவ அங்க வந்து நிப்பா? பழைய வாடிக்கை பூராவும் போச்சு. புதுத் தெருவுலயோ அவள ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. நல்ல வேளை, அங்க ஒரு இட்லிக் கடை இருந்துச்சு. கடைக்காரரு சொன்னாரு, "குடி வந்த மறுநாள் விடியக்கால மாவு கொண்டாம்மா. நல்லாருந்தா தினமும் உன்கிட்டத்தான். வரலன்னா நான் வேற ஆளப் பாத்துருவேன்." அந்த ஒரு நாள் மாவு போகலன்னா பொற்கொடி வீட்டு அடுப்பு எரியாது. அவளுக்கு அதே நெனப்பு, அதே கவலை.

ம்.

வீடு மாறுறதுக்கு முந்தின நாளு. பொற்கொடி மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாளா, அப்போ பிரிட்ஜு, "உர்ர்ர், எக்கா"ன்னு கூப்பிட்டுச்சாம். பிரிட்ஜ் எங்கயாச்சும் பேசுமான்னு கேக்காத, கதையில பேசும். "எக்கா, நெறஞ்ச வயித்தோட என்னத் தூக்காத. எல்லாத்தையும் வெளிய எடு. என் ஐஸக் கரைய விடு. நல்லாத் தொடச்சு, கதவத் திறந்து வச்சுக் காய விடு. ஈரத்தோட பூட்டுன, நாத்தம் குடலப் புடுங்கும். அப்புறம் லாரியில என்னப் படுக்கப் போட்டுறாத. நான் நின்னுக்கிட்டே வாரேன். போனதும் பிளக்க மாட்டாத, கொஞ்ச நேரம் என்ன சும்மா விடு." சரிப்பான்னா பொற்கொடி. மிச்ச மாவ அக்கம்பக்கத்துல குடுத்தா. ஐஸு சொட்டு... சொட்டு... சொட்டுன்னு கரைஞ்சுச்சு. வேட்டித் துணியால உள்ள வெளிய எல்லாம் தொடச்சா.

அப்போ டிவி, "கொர்ர்ர், எக்கா"ன்னுச்சு. "என்னப் போர்வையில சுத்து, என் மூஞ்சி மேல எதையும் ஏத்தாத. வயர உருவுறப்போ எது எங்க இருந்துச்சுன்னு அடையாளம் கட்டு. ரிமோட்டுல இருக்கிற பேட்டரிய எடுத்துரு, கசிஞ்சுரும்." அவ பழைய ஜாக்கெட்டக் கிழிச்சு, ஒரு வயருக்குச் செவப்புத் துணி, ஒரு வயருக்குப் பச்சைத் துணின்னு கட்டி, அது சொருகியிருந்த ஓட்டைக்குப் பக்கத்துலயும் அதே கலர்ல ஒரு துண்டு ஒட்டி விட்டா. உங்கப்பன் என்ன செஞ்சிருக்கான்? எல்லா வயரையும் சுருட்டி ஒரே சாக்குல போட்டுருக்கான். நாளைக்கு முழிப்பான் பாரு.

ம்.

அப்புறம் கிரைண்டரு. அது பெரிய மனுஷன் மாதிரி மெதுவாத்தான் பேசும். "யம்மா, என் கொழவிய உள்ளயே வச்சுத் தூக்குனா மேடு பள்ளத்துல டமார் டமார்னு இடிச்சு என் வயித்த உடைச்சுரும். அதத் தனியா எடு. லாரியில போடாத, உன் கையோட கொண்டு வா." கொழவின்னா என்னன்னு தெரியும்ல? உருண்டையா உள்ள கெடக்குமே கல்லு, அதுதான். ஒரு வயசுப் பிள்ளை கனம் இருக்கும். பொற்கொடி அதக் கழுவி, தொடச்சு, பழைய சேலையில சுத்தி வச்சா. கிளம்பும்போது சந்தனம் குங்குமம் குழைச்சு பிரிட்ஜுக்கு ஒரு பொட்டு, டிவிக்கு ஒரு பொட்டு, கிரைண்டருக்கு ஒரு பொட்டு, கொழவிக்கும் ஒரு பொட்டு வச்சா. அவ நெத்தி மட்டும் சும்மாத்தான் இருந்துச்சு.

இப்பத்தான் வினை. அந்த மாசம் பூராவும் காலண்டர்ல குடி போறதுக்கு ஒரே ஒரு நல்ல நாளு. ஊரே அன்னிக்குத்தான் வீடு மாறுது. லாரி கிடைக்கல. ரெண்டு குடும்பத்துக்கு ஒரு லாரின்னு பேசி வச்சுட்டான் டிரைவரு சுடலை. இன்னொரு குடும்பத்தோட சாமான் ஏற்கெனவே லாரியில பாதி இருந்துச்சு. பொற்கொடி கையில ஒரு பக்கம் உப்பு ஜாடி, ஒரு பக்கம் சாமி படம், இடுப்புல தண்ணிக் குடம். புது வீட்டுக்குள்ள அதுகதான மொதல்ல போகணும்? கொழவியத் தூக்க ஏது கை? "எக்கா, இதுல எது உங்களுது, எது அவங்களுது?"ன்னான் சுடலை. "பொட்டு வச்சதெல்லாம் எங்களுது தம்பி"ன்னுட்டு கொழவி மூட்டையையும் லாரியிலயே ஏத்திட்டு, அவ ஆட்டோவுல முன்னால போயிட்டா.

அந்தக் குடும்பத்து ஆச்சி, பேச்சியம்மான்னு பேரு, அதும் அவன்கிட்ட என்ன சொல்லியிருந்துச்சு தெரியுமா? அதே தான். "பொட்டு வச்சதெல்லாம் எங்களுது." பொட்டு வைக்காத சாமான் அந்த ஊர்ல எங்கடி இருக்கு? ஆயுத பூஜைக்கு விளக்குமாத்துக்கே பொட்டு வைக்கிற ஆளுக நாம. சுடலை தலையச் சொறிஞ்சான். பெருசையெல்லாம் ஒரு குத்துமதிப்பாச் சரியா எறக்கிட்டான். மூட்டைகள்ல கோட்டை விட்டான்.

ம்.

பொற்கொடி பால் காய்ச்சுனா. பால் பொங்குச்சு. பிரிட்ஜ நிக்க வச்சு சும்மா விட்டா. டிவிக்குச் செவப்புக்குச் செவப்பு, பச்சைக்குப் பச்சைன்னு மாட்டுனா, சட்டுனு படம் வந்துருச்சு. சந்தோஷமா அரிசி ஊறப் போட்டா, உளுந்து ஊறப் போட்டா. அப்புறம் கொழவி மூட்டையத் தூக்குனா, கனமே இல்ல. அவுத்துப் பாத்தா, உள்ள கொழவி இல்ல. கிலுகிலுகிலுன்னு ஒரு கிலுகிலுப்பை, ரெண்டு குட்டிச் சட்டை, ஒரு சோப்பு டப்பா. உளுந்து ஊறி முடிச்சா அரைச்சாகணும். பொழுது சாயுறதுக்குள்ள அரைச்சாத்தான் விடிய மாவு பொங்கும். சுடலைக்குப் போனப் போட்டா. "பின்னால தெருதான்க்கா, வீட்டு நம்பர் தெரியல"ன்னுட்டு வச்சுட்டான், எடுபட்ட பய.

கிலுகிலுப்பை மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனா பொற்கொடி. மொத வீடு. கேட்டத் தொட்டாளோ இல்லையோ, லொள் லொள் லொள்னு நாய் பாஞ்சுச்சு. ஓடி வந்துட்டா. ரெண்டாவது வீடு. ஒரு ஆளு எட்டிப் பாத்து, இவ வாயத் திறக்குறதுக்குள்ள, "ஒண்ணும் வாங்கல, போம்மா"ன்னு கதவப் படார்னு சாத்திட்டான். மூணாவது வீடு. வாசல்ல மாவிலைத் தோரணம். செருப்பு மலையாக் குமிஞ்சு கெடக்கு. உள்ள பொம்பளைக தாலாட்டுப் பாடுற சத்தம். பொற்கொடிக்குப் புரிஞ்சு போச்சு, கிலுகிலுப்பைக்காரங்க வீடு இதுதான், ஆனா நல்லது நடக்கிற வீடு. கால் அப்படியே நின்னுருச்சு.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அங்க என்ன விசேஷம்னா, நல்ல நாளாச்சேன்னு குடி வந்த கையோட பேச்சியம்மா ஆச்சியோட பேத்திய மொதமொதலாத் தொட்டில்ல போடுறாங்க. பிள்ளையப் போடுறதுக்கு முன்னாடி தொட்டில்ல கொழவியப் போட்டு ஆட்டுவாங்க. பிள்ளை கல்லு மாதிரி திடமா இருக்கணும்னு. அந்த வீட்ல அம்மி கிடையாது, கொழவி கிடையாது. யார்கிட்ட கடன் கேக்கலாம்னு ஆச்சி முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்போ ஒரு மூட்டைய அவுத்தா, உள்ள சேலையில சுத்துன கொழவி, சந்தனம் குங்குமம் வச்சு ஜம்முன்னு இருக்கு. மருமகதான் முன்யோசனையா எடுத்து வச்சிருக்கான்னு நெனச்சுச்சு ஆச்சி. மாமியாதான் எடுத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சா மருமக தேன்மொழி. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மெச்சிக்கிட்டு, கொழவிக்கு மஞ்சச் சட்டை போட்டு, மையெழுதி, தொட்டில்ல போட்டுட்டாங்க.

"யாரும்மா அது?"ன்னு உள்ளருந்து ஆச்சி கேட்டுச்சு. பொற்கொடி கேட்டுக்கு வெளியவே நின்னா. "நான் உள்ள வரல ஆச்சி. உங்க மூட்டை எங்க வீட்டுக்கு வந்துருச்சு. என் கொழவி இங்க இருக்கும். அத மட்டும் குடுத்தா போயிருவேன்." ஆச்சி கிலுகிலுப்பையப் பாத்துச்சு, தொட்டிலப் பாத்துச்சு. விஷயம் விளங்கிருச்சு. அப்புறம் பொற்கொடி நெத்தியப் பாத்துச்சு. "தொட்டில்ல போட்டுட்டோம்மா. ஆட்டி முடிக்காமப் பாதியில எடுக்கக் கூடாது. செத்த அங்கனயே நில்லு"ன்னுச்சு. பொற்கொடியும் தலையாட்டிட்டு வெயில்ல நின்னா.

அப்போ தேன்மொழி, பச்சை உடம்புக்காரி, பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு இருந்தவ, தலையத் தூக்குனா. "அத்தே, அது அவங்க கொழவியா?"

"ஆமாடி."

"அப்போ தொட்டில்ல கிடக்கிறது அவங்க பிள்ளை. பெத்தவள வெயில்ல நிக்க வச்சுட்டு நாம தாலாட்டுப் பாடுறதா?"

ஒரு சித்தி மொணமொணன்னு, "அதுக்கில்ல தேனு, அவ வந்து..."ன்னு இழுத்தா. தேன்மொழி திரும்பவே இல்ல. "என் பிள்ளைக்கு முன்னால அந்தத் தொட்டில்ல படுத்தது அவங்க பிள்ளை. அவங்க வந்து ஆட்டி எடுத்தாத்தான் என் பிள்ளையப் போடுவேன்"ன்னுட்டா. ஆச்சியும் வழக்கம் வழக்கம்னே வளந்த மனுஷிதான, அதுக்கும் உள்ள ஒரு போராட்டம் இருக்கும்ல? அப்புறம் தானே கேட்டு வரைக்கும் நடந்து வந்து, பொற்கொடி கையப் புடிச்சுச்சு. "வா. உன் பிள்ளைய நீ ஆட்டு." பாயில உக்காந்திருந்தவங்களப் பாத்து, "நகருங்கடி"ன்னு ஒரு அதட்டல்.

ம்...

பொற்கொடி உள்ள போனா. அவளுக்குத் தாலாட்டே மறந்து போச்சு. தொட்டிலப் புடிச்சு, க்ரீச் க்ரீச்சுன்னு ஆட்டி, வாய்க்கு வந்ததப் பாடுனா. "ஆராரோ ஆரிரரோ, கல்லே கண்ணுறங்கு, கருப்பட்டி வாங்கித் தாரேன், கழுத்து நோகாமக் கண்ணுறங்கு." எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவளும் சிரிச்சா, அழுதா, ரெண்டும் சேந்து வந்துச்சு. அப்புறம் அவளே கொழவியத் தூக்கி, அவ கையாலயே தேன்மொழி பிள்ளைய வாங்கித் தொட்டில்ல போட்டா. அது சப்புக் கொட்டிக்கிட்டுத் தூங்கிருச்சு.

அப்புறம் என்ன, கொழவிய இடுப்புல தூக்கிக்கிட்டு ஓட்டமும் நடையுமா வீட்டுக்கு வந்தா. அந்த மஞ்சச் சட்டையக் கழத்தி, கண்மையக் கழுவி, கிரைண்டருக்குள்ள வச்சா. சர்ர்ர்ர்ருன்னு ஓடுச்சு பாரு. மாவு வெண்ணெயா வந்துச்சு. விடியக்கால பொங்கி, மூடியத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. இட்லிக் கடைக்காரரு ஒரு இட்லியப் புட்டு வாயில போட்டுட்டு, "நாளைலேருந்து ரெண்டு தூக்காக் கொண்டாம்மா"ன்னுட்டாரு.

அவ வீட்டுக்குத் திரும்பி வந்தா, வாசல்ல பேச்சியம்மா ஆச்சி நிக்கிது. மாவு வாங்கத்தான் வந்திருக்காங்கன்னு பொற்கொடி அவசரமாக் கதவத் திறந்தா. "எவ்வளவு வேணும் ஆச்சி? பாத்திரம் எங்க?" ஆச்சி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுச்சு. ஒண்ணும் இல்ல. "மாவுக்கு வரலம்மா. வர்ற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பேரு வைக்கிறோம். உன்னக் கூப்பிட வந்தேன்."

யாழி? ஏய் யாழி? ம் வரல. சரி, கொழவி தூங்குச்சு, பிள்ளை தூங்குச்சு, என் தங்கமும் தூங்கிருச்சு, கதையும் கண்ண மூடிக்கிருச்சு.