இடது பக்கம் இறங்கியிருக்கு

“தப்பாக் கேக்குற காதுக்கு, தப்பாக் கேக்குறோம்னு தெரியுமா மேடம்?”

சம்பந்தம்தான் கேட்டார்.

“தெரியாது” என்றார் பிலோமினா. “பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லணும்.”

சம்பந்தம் வண்டியிலிருந்து ஸ்பீக்கர்களை இறக்கத் தொடங்கினார்.

தூத்துக்குடியில் வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பவர் பிலோமினா. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. பொருத்தி முடித்ததும் நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மாறி மாறி ஓர் இரைச்சல் வரும், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. எல்லாம் ஒரே அளவாகக் கேட்க வேண்டும்.

“இதுல சத்தத்தை ஏத்துங்க. அதுல இறக்குங்க.”

அவர் சொன்னபடி வைத்துவிட்டு ஒலி மீட்டரில் அளந்து பார்த்தால், ஒன்றுக்கொன்று மயிரிழைகூட வித்தியாசம் இருக்காது.

சம்பந்தம் அவரைவிட வயதில் மூத்தவர். கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்.

“மத்தவங்க சொன்னதையெல்லாம் அடிச்சேன். எதையும் கேக்கல. எனக்குக் கேக்கக் கத்துக்கணும்” என்று வந்து நின்றவர்.

பிலோமினா அன்று ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் தீட்சை.

பங்குனியில் ஒரு வீட்டில் பிலோமினா சொன்னார்:

“இடது பக்கம் இறங்கியிருக்கு. ஏத்துங்க.”

சம்பந்தம் மீட்டரைப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. இருந்தாலும் ஏற்றினார். பிலோமினா வெளியே போனதும், சத்தம் காட்டாமல் பழையபடி இறக்கி வைத்தார்.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும்.

குருவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்.

இன்று வந்திருப்பது எஸ்தர் என்பவரின் வீடு. போன வருடம் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. படம் என்றால் உயிர். கணவர் தனசிங்தான் ஏற்பாடு செய்திருந்தார்.

“யார் எந்தப் பக்கம் நிக்கிறாங்க, யார் கதவைத் திறந்து போறாங்க, அது தெரிஞ்சாப் போதும்” என்றார் எஸ்தர். “மிச்சத்தை நான் பாத்துக்குவேன்.”

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“இடது பக்கம் இறங்கியிருக்கு. ஏத்துங்க.”

சம்பந்தம் ஏற்றினார்.

“சரியா இருக்கு” என்று எழுந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போனார் பிலோமினா. எஸ்தர் தடவிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தம் மெல்ல இறக்கினார்.

“யாரது?” என்றார் எஸ்தர். “இப்பத்தான ஏத்துனீங்க? எதுக்கு இறக்குறீங்க?”

சம்பந்தத்தின் கை அப்படியே நின்றது.

“கண்ணு தெரியாதவதானன்னு விளையாடுறீங்களா? நான் எதை நம்பி உக்காரணும்?”

உள் வாசலில் பிலோமினா நின்றிருந்தார். கையில் டம்ளர்.

அவர் இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து எஸ்தருக்குப் பக்கத்தில் போட்டார். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

“போடுங்க.”

இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வந்தது.

மங்கலாகக் கேட்ட ஸ்பீக்கரெல்லாம் இப்போது வலது காதுப் பக்கம் வந்து தெளிவாகக் கேட்டது. தெளிவாகக் கேட்ட பக்கம் மங்கிப்போயிருந்தது.

பிலோமினா இடது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

பிறகு வலது காதருகே தேய்த்துப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா?” என்றார்.

“பங்குனியிலேர்ந்து” என்றார் சம்பந்தம்.

“ஏன் சொல்லல?”

“நீங்க என் குரு. அந்த மரியாதையில எனக்கு வாய் வரல.”

பிலோமினா எஸ்தரின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல. என் இடது காது கேக்கல. எனக்கே இப்பத்தான் தெரியுது. உங்க காதுக்குச் சரியா இருக்கிறது எதுன்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே வச்சிடுறோம்.”

எஸ்தரின் முகத்தில் கோபம் வடிந்தது. கையை நீட்டினார். பிலோமினாவின் முழங்கை தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“இறக்குனதுதான் சரி” என்றார் மெதுவாக.

மறுநாள் காது டாக்டரிடம் போனார்கள். சம்பந்தமும் கூடப் போனார்.

“போனை எந்தக் காதுல வைப்பீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“வலது.”

“அதான் தெரியல. நரம்பு பாதிச்சிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். இனிமே போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்.”

பிலோமினா தலையசைத்தார்.

சம்பந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நல்ல வெயில். உப்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இருவரும் சாலையோரமாக நடந்தார்கள். சம்பந்தம் எப்போதும் நடக்கிற மாதிரி பிலோமினாவுக்கு இடப்பக்கமாக நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் பேச ஆரம்பித்தார்.

“மரியாதைன்னு சொன்னேன் மேடம். அது பொய். பயம். உங்க காதே தப்புன்னு ஆயிட்டா, அப்புறம் நான் யார்கிட்டப் போறதுன்னு பயம். என் பயத்துக்கு உங்க காதைக் குடுத்துட்டேன். பங்குனியிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிலோமினா முன்னால் பார்த்தபடியே நடந்தார்.

மன்னிக்க மனமில்லை என்று நினைத்தார் சம்பந்தம். அதுவும் நியாயம்தான் என்று நினைத்தார்.

முனையில் பிலோமினா நின்று திரும்பினார். சம்பந்தத்தின் கண் துடைத்த முகத்தைப் பார்த்தார்.

“ஏதாவது சொன்னீங்களா?”

இடப்பக்கமிருந்து சொன்னது எதுவும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

‘ஒண்ணுமில்ல மேடம்.’ அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சம்பந்தம் அதை விழுங்கினார். பிலோமினாவைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றார். லாரி கடந்து போகும்வரை காத்திருந்தார்.

பிறகு முதலிலிருந்து சொன்னார். ஒரு வார்த்தையையும் விடவில்லை.

பிலோமினா கடைசிவரை நின்று கேட்டார்.

“கேட்டுச்சு” என்றார்.