ஒரு பிடி கோசுமல்லியும் ஒரு தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில் மாதுளம்பட்டணம் என்ற நாட்டைத் தினகர பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். எதிரியின் யானைப்படைக்கே அசையாத மனுஷர். ஆனால் ஐந்து வயது மகள் பூங்கோதை தட்டைத் தள்ளிவிட்டால் போதும், கிடுகிடுவென்று நடுங்கிப்போவார். அந்தக் குழந்தை அல்வாவையும் அதிரசத்தையும் தவிர வேறெதையும் தொடமாட்டாள். நாளாக நாளாக முகம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. "பச்சைக் காயும் பயறும் உள்ளே போனால்தான் பிள்ளை தேறும்" என்று சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று ஓடிவிட்டார் அரண்மனை வைத்தியர்.

மடைப்பள்ளி அதிகாரி விடங்கருக்கு இரண்டு பெருமை. ஒன்று அவர் மீசை. இன்னொன்று ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம். ராஜா வாயில் வைக்கும் எதையும், அதைச் செய்தவர்தான் முதலில் ஒரு பிடி தின்று காட்ட வேண்டும். விஷ பயம்! ஒருமுறை ராஜா மாம்பழம் கேட்டார். பழத்தைச் செய்தது மரம், மரத்துக்கோ வாயில்லை. விடங்கர் ரொம்ப யோசித்துத் தோட்டக்காரரைத் தின்னச் சொன்னார். அவர் சட்டத்துக்குப் பயந்து முழுசாகத் தின்றுவிட்டார். ராஜாவுக்குக் கொட்டை வந்து சேர்ந்தது.

இந்த விடங்கர் முப்பத்திரண்டு வகைக் கறி சமைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டையும் இளவரசி அவர் மீசை மேலேயே துப்பினாள். துடைத்துக்கொண்டு சபைக்கு வந்தவருக்கு, அமைச்சர் நல்லதம்பி தலையிலிருந்த தலைப்பாகையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

"மகாராஜா, அறிவுக்கடல் அமைச்சர் இருக்கும்போது நான் எதற்கு? அவரே குழந்தையைத் தின்னவைக்கட்டும். ஆனால் 'சாப்பிடு' என்று சொல்லக்கூடாது, ஊட்டக்கூடாது, நிலாவைக் காட்டக்கூடாது, பூச்சாண்டியைக் கூப்பிடக்கூடாது. முடியாவிட்டால் அந்தத் தலைப்பாகை, பதவியோடு எனக்கு!"

"ஆகா, பிரமாதம்!" என்று கைதட்டினார் ராஜா. அவருக்குப் பந்தயம் என்றால் யார் கழுத்து போனாலும் சரிதான். "என்ன நல்லதம்பி, சம்மதமா?"

பதவி போவது இருக்கட்டும், அந்தக் குழந்தையின் வெளிறிய முகம் நல்லதம்பியைப் போட்டு வாட்டியது. அவர் வீட்டிலும் நாலு வயதில் வஞ்சி என்றொரு வாண்டு இருந்தாள். அவளைத் தின்னவைக்க அவர் படாத பாடு பட்டது அவருக்குத்தான் தெரியும். "சம்மதம் பிரபு. நாளை மதியம் எல்லாரும் அடியேன் குடிலுக்கு எழுந்தருள வேண்டும்" என்றார்.

மறுநாள் ராஜா, இளவரசி, விடங்கர், குடைக்காரர், சாமரக்காரர், கட்டியக்காரர் என்று ஒரு பட்டாளமே அந்தச் சின்ன அடுக்களைக்குள் நுழைந்தது. அமைச்சரின் மனைவி சௌந்தரவல்லி தலையில் கைவைத்துக்கொண்டாள். "என்னங்க, இத்தனை பேருக்கு மணைப்பலகைக்கு நான் எங்க போவேன்?"

ராஜா நெல் குத்தும் குந்தாணி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்தார்.

தரையில் ஊறவைத்த பாசிப்பருப்பு, சௌந்தரவல்லி பொடியாக அரிந்த வெள்ளரிக்காய், துருவிய தேங்காய், கொத்துமல்லிக் கட்டு, எலுமிச்சை மூடிகள். அடுப்புமில்லை, நெருப்புமில்லை. வஞ்சி இளவரசியைக் கண்டதும், "வா வா, நான் எலுமிச்சம்பழம் பிழியறேன், நீ தழையைக் கிள்ளு!" என்றாள்.

பூங்கோதையை அதுவரை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிட்டதில்லை. கண்ணை அகல விரித்தவள், அடுத்த நிமிஷம் பட்டுப்பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தழை பறந்தது. சாறு குடைக்காரர் கண்ணில் பீச்சியது.

"பருப்புத் தண்ணியை வடிக்கத் துணி வேணும்!" என்று அதிகாரமாகக் கத்தினாள் இளவரசி. நல்லதம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

"ஐயோ, துவைச்சதா?" என்றாள் சௌந்தரவல்லி.

"காலையில்தான்!"

"என் தலைப்பாகை!" என்று வாய்விட்டே அலறினார் விடங்கர்.

பருப்பு, வெள்ளரி, தேங்காய், உப்பு, மிளகுத்தூள் எல்லாம் கலந்து நாலு பிஞ்சுக் கைகள் பிசறியதும் கோசுமல்லி தயார். பூங்கோதை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ராஜாவிடம் ஓடினாள். "அப்பா, நான் செஞ்சேன்! ஆ காட்டு!"

ராஜா பூரித்துப்போய் வாயைத் திறந்தார்.

"நிறுத்துங்கள்!" என்று நடுவில் பாய்ந்தார் விடங்கர். "மகாராஜா, சட்டம்! பாட்டனார் சட்டம்! செய்தவர் முதலில்..." அவ்வளவுதான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மீசை மட்டும் துடித்தது.

"ஏன் விடங்கரே, பாதியில் விட்டுவிட்டீர்? அந்த வார்த்தையை நான் சொல்லக்கூடாதென்று நீர்தானே தடுத்தீர்?" என்றார் நல்லதம்பி பவ்வியமாக.

"சொல்லும்!" என்று கர்ஜித்தார் ராஜா.

"செய்தவர்... முதலில்... ஒரு பிடி... சாப்பிட வேண்டும்."

பூங்கோதை நிமிர்ந்து நின்றாள். "செஞ்சது நான்தானே!" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். எலுமிச்சைப் புளிப்பில் முகம் சுருங்கியது. நல்லதம்பி அவள் வாயையே பார்த்தார். சட்டம் ஒரு பிடியை வாய்வரைக்கும்தான் கொண்டுபோகும், அதற்குமேல் அதனால் ஆகாது. துப்பப்போகிறாளா?

நறுக் நறுக்கென்று மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது பிடி அள்ளினாள். மூன்றாவது. பிறகு வஞ்சி வாயில் ஒரு பிடி திணித்தாள்.

"கண்ணே, அப்பாவுக்கு?" என்று கெஞ்சினார் ராஜா.

"இரு அப்பா, இன்னும் சோதிக்கணும்!"

கடைசியில் ராஜாவுக்குக் கிடைத்தது ஒரு துண்டு வெள்ளரிக்காய். மாம்பழக் கொட்டைக்கு அது தேவலை. அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தம் தலையிலிருந்த ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றி நல்லதம்பிக்குச் சூட்டினார். வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவப்பார்த்த விடங்கரைக் கூப்பிட்டார்.

"ஓடாதேயும் விடங்கரே. அமைச்சர் தலைப்பாகைக்கு ஆசைப்பட்டீரே? இதோ, ஈரத்தோடு வாங்கிக்கொள்ளும். இனி தினமும் இதில்தான் நீர் என் மகளுக்குப் பருப்பு வடிகட்ட வேண்டும்."

"தேங்காயும் துருவணும்" என்றாள் பூங்கோதை, வாய் நிறைய கோசுமல்லியோடு.