பழைய லேத்தின் கிரீச்

இதில் ஒரு இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு வாருங்கள். நானும் அப்படித்தான் சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் சித்தி தையல்நாயகி மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கிறாள். வயது முப்பத்து நான்கு. அவளிடம் சீடராக வந்து நின்ற பூவராகன் ஐயாவுக்கு அறுபது. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் சொத்துக்குக் கையெழுத்துப் போட்ட கை இது, இனி ஒரு தொட்டில் காலாவது கடையட்டும் என்றார்.

சித்தி மூலையைக் காட்டினாள். ஒரு பழைய லேத் துண்டு துண்டாகத் துருவோடு கிடந்தது. இதைப் பழுது பார்த்துப் பூட்டி, வெள்ளிக்கிழமைக்குள் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டினால் உளி தருவேன், இல்லாவிட்டால் ஊர் திரும்பலாம் என்றாள்.

"ஆவன செய்கிறேன்" என்றார் ஐயா.

அந்தக் குரல் எனக்கு அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. ஊரில் எனக்கு வராத குரல் கிடையாது. பால்காரரின் ஹாரன், மின்வாரிய அலுவலகத்து அக்கா, சித்தியின் 'ம்', எல்லாம் வரும். பேரிங் கெட்ட லேத் எப்படிக் கத்தும் என்பதும் வரும்.

புதன்கிழமை லேத் எழுந்து நின்றது. ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

சித்தி சுவிட்சைக் காட்டினாள்.

டக். மோட்டார் உறுமியது. தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்று நான் ஒரு கிரீச் விட்டேன். ஆணித் துளை வழியாகப் பார்த்தேன். பத்திரத்தில் போலிக் கையெழுத்தைக் கண்டவர் மாதிரி ஐயா நின்றார்.

சித்தி காதைச் சாய்த்தாள். "ஏதோ கேக்குதே ஐயா" என்றாள். போய்விட்டாள்.

அவர் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை மண் தங்கியது. கிரீஸ் வைத்துப் பூட்டினார்.

வியாழன் காலை மறுபடி டக். மறுபடி கிரீச். நூல் பிடித்துப் பார்த்தார். இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை. நகர்த்தி முடுக்கினார். சாயங்காலம் மறுபடி கிரீச்.

அன்றைக்குத் தடுப்புக்குப் பின்னால் ஒரு முக்காலி கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நின்று நின்று கால் கடுத்துப் போயிருந்த எனக்கு வசதியாகப் போயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டில் ஐயா நாளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்தார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நிலக்கடலை தின்றேன். போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய பை வாசலில் தயாராக இருந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். துளையில் கண் வைக்கக்கூட இல்லை. அவ்வளவு தேர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சுக்குக் காத்திருந்தேன்.

டக்.

என் வாழ்நாளின் தலைசிறந்த கிரீச் அது. இழுத்து, நடுவில் ஒரு விக்கல் வைத்து, முடித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. மோட்டார் உறுமவே இல்லை.

துளையில் கண் வைத்தேன். மோட்டார் ஐயாவின் மடியில் இருந்தது. மற்றதெல்லாம் பார்த்தாயிற்று, மிச்சம் இதுதான் என்று ஒயரைப் பிடுங்கிக் கழற்றி வைத்திருக்கிறார். டக் என்றது, போட்டபடியே கிடந்த சுவிட்சை அவர் அணைத்த சத்தம். லேத்தில் பெல்ட்டும் இல்லை.

அவர் லேத்தைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். பிறகு தகரத்தைப் பார்த்தார். மோட்டார் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

நான் சொன்ன இடம் இதுதான் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்தி வாசலில் நின்றிருந்தாள்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?" என்றார் ஐயா.

"புதன்கிழமையே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு பேரிங்ல மண் இருந்துச்சே ஐயா."

அவர் மோட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். சித்தி சுவரிலிருந்து உளியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

நான் சத்தம் காட்டாமல் நழுவப் பார்த்தேன்.

"உக்காருடி" என்றாள் சித்தி, தகரத்தைப் பார்த்து. "தொண்டை வறண்டிருக்கும். முக்காலி கொண்டாந்து போட்ட அன்னைக்கே ஒரு செம்பு தண்ணியும் வச்சிருக்கணும். மறந்துட்டேன்."