வீரணன் கேட்காத அரங்கம்

பெரியவர்களே, சின்னவர்களே, வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். இது ராஜாக்கள் மல்யுத்தம் பார்த்த காலத்துக் கதை. நடுவில் யாராவது "அப்புறம், அப்புறம்" என்று அவசரப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

முன்னொரு காலத்தில் செங்காடு என்ற பட்டணத்தைச் செம்பியராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பயந்தவன். எதிரிக்கா பயந்தான்? இல்லை. பக்கத்து ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சிரித்துவிடுவானோ என்று பயந்தான்.

அந்தப் பட்டணத்தில் வீரணன் என்றொரு மல்லன் இருந்தான். பஞ்சத்தில் நாலு வயதுப் பிள்ளையாக வந்து சேர்ந்தவன். தாய் தகப்பன் யாரும் இல்லை. ஊர்தான் அவனை வளர்த்தது. ஒருநாள் வணிகர் தெரு, மறுநாள் உழவர் தெரு, அதற்கு மறுநாள் நெசவாளர் தெரு என்று முறைவைத்து அவனுக்குச் செம்பு நிறையப் பால் கொடுத்தார்கள். அதற்கு முறைப்பால் என்று பெயர். அந்தப் பாலில் வளர்ந்த உடம்பு அவனுக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர் நடுவே இருந்த சந்தைத் திடலில் மண்ணைக் கிளறிப் போடுவார்கள். பக்கத்து ஊரான கரும்பூரின் மல்லனும் வீரணனும் மோதுவார்கள். ஊரே சுற்றி நின்று பார்க்கும். ஜெயிப்பது எப்போதும் வீரணன்தான்.

அந்தக் காலத்து மல்லர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அரசன் இருக்கும் இடத்தில் மல்லன் பேசக்கூடாது, வாத்தியார்தான் பேச வேண்டும். அரசனே பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் மல்லன் பதில் சொல்லலாம். மீறி வாய் திறந்தால் அவன் இடுப்புக் கச்சையை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவன் களத்தில் இறங்க முடியாது. அரசன் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

வீரணனின் வாத்தியார் பெயர் சாத்தப்பன். அவர் ஒருநாள் வீரணனைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனார்.

"மகாராஜா! கரும்பூரில் கல்லிலே அரங்கம் கட்டியிருக்கிறார்கள். எங்களை வா வா என்று கூப்பிடுகிறார்கள். இங்கே நாங்கள் கத்தரிக்காய்க் கூடைக்கு நடுவிலே புரண்டுகொண்டிருக்கிறோம். சந்தைத் திடலில் ஓர் அரங்கம் எழும்பாவிட்டால் வீரணன் கரும்பூருக்குப் போய்விடுவான்."

பின்னால் நின்ற வீரணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போகிறேனா? யார் சொன்னது? பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. அரசன் தன் பக்கம் திரும்பி "என்னப்பா வீரணா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா என்று பார்த்தான். அரசன் கேட்கவில்லை. அவனுக்குக் கரும்பூர்க்காரன் சிரிப்பு காதிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது, பாவம்.

அரங்கம் கட்டுவதென்று முடிவானது. பணம் யார் கொடுப்பது? அங்கேதான் பிடித்தது சண்டை.

"கூட்டம் வந்தால் இளநீரும் கரும்பும் விற்கிறவன் உழவன். அவன் கொடுக்கட்டும்" என்றார்கள் வணிகர்கள்.

"வெயில் தாழ உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேரம் இருப்பது நெசவாளிக்குத்தான். அவன் கொடுக்கட்டும்" என்றார்கள் உழவர்கள்.

"தறிக்குழியில் காலை விட்டால் பொழுது சாயும் வரைக்கும் தறிதான் எங்களுக்கு. கடை போட்டுக் காசு பார்க்கிறவர்கள் கொடுக்கட்டும்" என்றார்கள் நெசவாளர்கள்.

மூன்று நாள் கத்தினார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் அரசன் வீட்டுக்கு வீடு அரங்க வரி போட்டான். சந்தையை வடக்கு வாசலுக்கு வெளியே துரத்தினான். திடலில் உளிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வீரணன் வாத்தியாரைத் தனியே பிடித்துக் கேட்டான். "வாத்தியாரே, நான் போகிறேன் என்று எப்போது சொன்னேன்?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தானடா. பேசாமல் தண்டால் எடு" என்றார் சாத்தப்பன். வித்தை சொல்லிக் கொடுத்தவர் ஆயிற்றே. வீரணன் தண்டால் எடுத்தான்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள், வயிற்றெரிச்சல். வணிகர் தெருவில் ஒருநாள் பால் வரவில்லை. "அரங்கம் அவனுக்குத்தானே? வரியும் கொடுத்துப் பாலும் கொடுக்க வேண்டுமா? எல்லாம் அதிலேயே அடக்கம்" என்றார்கள். அதைக் கேட்டு உழவர் தெருவும் நிறுத்திக்கொண்டது. நெசவாளர் தெருவில் பாவாயி என்றொரு கைம்பெண் இருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றைத் தறியில் பிழைக்கிறவள். அந்தத் தெருவின் பால் அவள் மாட்டுப் பால்தான். அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"வரிக்காக மாட்டை விற்றுவிட்டேன் வீரணா. போகட்டும் விடு. நீ எங்களை விட்டுப் போகாமல் இருந்தால் அதுவே போதும்."

நான் போவதாகவே இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தான். மாட்டை விற்றுவிட்டு வந்து நிற்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் மனசு என்ன பாடுபடும்? மறுபடியும் பேச்சை விழுங்கிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு வெறும் கஞ்சிதான்.

இரண்டு வருஷம் ஓடிற்று. அரங்கம் எழும்பியது. அழகென்றால் அப்படி ஓர் அழகு! சுற்றிலும் கல்படிகள், நடுவிலே சலித்த செம்மண். திறப்பு விழாவுக்குக் கரும்பூர் மல்லன் வந்தான். வீரணனும் இறங்கினான். இரண்டு வருஷம் கஞ்சி குடித்த உடம்பு என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள். முரசு மூன்று தரம் முழங்குவதற்குள் வீரணனின் முதுகு மண்ணில் பட்டது.

சாத்தப்பன்தான் முதலில் எழுந்தார்.

"மகாராஜா, கண்ணிலே வெயில்! கூரை இல்லாமல் இதெல்லாம் ஓர் அரங்கமா? கூரை போடுங்கள். இல்லாவிட்டால் வீரணன் கரும்பூருக்குப் போய்விடுவான்."

அரசன் வேர்த்துப்போய் மந்திரியைப் பார்த்தான். "இன்னொரு வரி போடும்" என்றான்.

முன்படியில் இருந்த பாவாயி பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். "இனிமேல் விற்க என்ன இருக்கிறது? தறிதான் இருக்கிறது."

அது வீரணன் காதில் விழுந்தது. எழுந்து நின்றான். முதுகெல்லாம் மண். வாய் திறந்தால் இன்றோடு மல்யுத்தம் முடிந்தது. அதைத் தவிர வேறொன்றும் அறியாதவன் அவன். கண் நிறைந்துவிட்டது. இருந்தும் பேசினான்.

"மகாராஜா, நான் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை."

"டேய் வீரணா!" என்று அலறினார் சாத்தப்பன்.

"கரும்பூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பால் ஊற்றிய கை எல்லாம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே தங்கத்தாலே கட்டினாலும் நான் போகமாட்டேன். எனக்குக் கூரை வேண்டாம். அந்த அக்காவின் தறியை மட்டும் விட்டுவிடுங்கள்."

அரசன் பதறி எழுந்தான். "அட பாவி! இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே, மகாராஜா."

அரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கல்லும் வேண்டாம், வரியும் வேண்டாம், இந்தக் கண்ணீரும் வேண்டாம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூத்த மல்லர்கள் மூன்று பேர் களத்தில் இறங்கி வீரணனின் கச்சையை அவிழ்த்தார்கள். ஒரு மல்லனைத் தக்கவைக்கக் கட்டிய அரங்கத்தில், முதல்நாளே அந்த மல்லனை இழந்தான் அரசன். சபை நடுவிலே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கூரை வரி அன்றே ஒழிந்தது. அரசன் தன் பட்டத்து யானையின் பொன் நகைகளை விற்று, மாட்டை விற்றவர்களுக்கெல்லாம் மாடு வாங்கிக் கொடுத்தான். சாத்தப்பன் கரும்பூருக்குப் போனார். "வீரணன் எங்கே?" என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். வந்த வழியே திரும்பிவிட்டார் மனுஷன். வீரணனோ நெசவாளர் தெருவின் துணிமூட்டைகளைச் சுமந்து பிழைத்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த ஊரிலேயே இருந்து நரைத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவருக்காக என்று சொல்லி எந்தப் பெரிய காரியத்தில் இறங்கினாலும், முதலில் அந்த ஒருவரைக் கேட்டுவிட வேண்டும்.