மருதாணிக்குக் கட்டிய அழகுக் கயிறு

நாவல்காட்டில் தொந்தியப்பன் என்ற கரடி ஒரு வண்டி வைத்திருந்தான். அதை இழுத்தவள் மருதாணி என்ற செந்நிறக் குதிரை. தேன்குடமோ, சோளக்கதிரோ, கால் சுளுக்கிய ஆமையோ, எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

கரடியும் கெட்டவன் இல்லை. புல்லுக்குக் குறை வைத்ததில்லை. சாட்டை வைத்திருந்தான், ஆனால் அதைக்கொண்டு ஈ ஓட்டியதோடு சரி. அவனிடம் ஒரே ஒரு கோளாறுதான். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டே இருப்பான்!

ஒருநாள் குளக்கரையில் மயில் அவனை மடக்கியது.

"என்ன தொந்தியப்பா, உன் குதிரை எதையோ தொலைச்ச மாதிரி தரையைப் பார்த்துக்கிட்டே வருது? வண்டிக் குதிரைன்னா கழுத்து இப்படி நிக்கணும்!" என்று மயில் தன் நீலக் கழுத்தை நீட்டிக் காட்டியது.

கரடியின் முகம் தொங்கிப்போனது. "அதுக்கு என்ன பண்றது மயிலண்ணே?"

"கடிவாளத்துல ஒரு கயிறு மாட்டு. அதை முதுகுச் சேணத்தோட இழுத்துக் கட்டு. தலை தானா நிமிரும். அப்புறம் பாரு அழகை!"

சொன்னதுதான் தாமதம். கரடி கயிறு கட்டிவிட்டான். மருதாணியின் தலை வானத்தைப் பார்த்து நின்றது.

"முதலாளி, கழுத்து வலிக்குதே! வழியில கல்லு கிடந்தாகூடத் தெரியலையே!"

"சும்மா இரு! எவ்வளவு எடுப்பா இருக்கே தெரியுமா? முரண்டு பிடிச்சே, கழுதைப்புலியோட சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பிடுவேன்!"

சூளை என்றாலே மருதாணிக்குப் பயம். அங்கே கல் சுமக்கப் போன குதிரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பாவம், தலை நிமிர்ந்தபடியே வண்டியை இழுத்தாள்.

ஒரு வாரம் போனது. சமவெளிப் பாதையில் வண்டி போகும்போது அணில்களும் குரங்குகளும் "ஆகா! ஆகா!" என்றன. கரடிக்குத் தலைகால் புரியவில்லை. இழுத்தவளுக்குத்தான் கழுத்து கழன்று விழுவதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை முயல் வீட்டுக் கல்யாணம். கல்யாணப்பெண் பெயர் வெள்ளச்சி. கல்யாணம் மூங்கில்மேட்டு உச்சியில், மாப்பிள்ளை வீட்டில். உச்சிவேளைக்குள் தாலி கட்டியாக வேண்டும் என்பது முயல்களின் வழக்கம். நேரம் தவறினால் மாப்பிள்ளை வீட்டார் சீர்க்கூடையைத் திருப்பிக் கொடுத்துக் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு ரோஷம்!

வண்டியில் வெள்ளச்சி ஏறினாள். பதினோரு அத்தைமார்களும் ஏறினார்கள். நடந்தால் தோகையில் புழுதி ஒட்டும் என்று மயிலும் தொற்றிக்கொண்டது.

மேடு தொடங்கியது. மருதாணி இழுத்தாள். குளம்பு வழுக்கியது. மறுபடி இழுத்தாள். வண்டி முன்னே போகாமல் பின்னே சரிந்தது! "ஐயையோ!" என்று அத்தைமார்கள் அலறினார்கள். கரடி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"கயிறை அவிழ்த்து விடுங்க முதலாளி! மேட்டுல தலையைக் குனிஞ்சு முட்டி இழுத்தாத்தான் வண்டி நகரும்!"

"எல்லாம் சாக்கு! சோம்பேறிங்க பேச்சே இப்படித்தான்" என்றது மயில், வண்டியில் உட்கார்ந்தபடியே.

அத்தைமார்கள் முன்னால் மானம் போகிறதே என்று கரடிக்கு ஆத்திரம் பொங்கியது. வாழ்நாளில் முதல்முறையாகச் சாட்டையை ஓங்கி வீசினான்.

"உச்சிவேளைக்குள்ள வண்டி மேலே போகலே, நாளைக்கே நீ சூளைக்குத்தான்!"

மருதாணியின் கண்ணில் நீர் முட்டியது. அடி வலித்தது. தொந்தியப்பன் கையால் பட்ட அடி என்பது அதைவிட வலித்தது. ஆனாலும் அவள் புத்தி மழுங்கிவிடவில்லை.

"சரி முதலாளி, போறேன். ஒரே ஒரு ஆசை. இந்தக் காட்டுலேயே பலசாலி நீங்கதான்னு ஊரே சொல்லுது. இதே கயிறைக் கட்டிக்கிட்டு வண்டியைப் பின்னாலேருந்து ஒரு முழம் தள்ளிக் காட்டுங்க. தள்ளிட்டா, நான் சோம்பேறின்னு ஒத்துக்கறேன்."

"பூ, இவ்வளவுதானா! ஒரு முழம் என்ன, உச்சி வரைக்கும் தள்ளுறேன் பார்!"

வெள்ளச்சி பட்டுப் பாவாடையைச் செருகிக்கொண்டு கீழே குதித்தாள். மருதாணியின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முனையைக் கரடியின் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். மறுமுனையை இடுப்புத் துண்டோடு பின்பக்கம் இழுத்து முடிந்தாள். கரடியின் மூக்கு மேகத்தைப் பார்த்தது.

கரடி வண்டியில் கை வைத்து ஒரு தம் பிடித்தான். தலை தானாகக் கீழே போகப் பார்த்தது. கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"ஐயோ, என் மூக்கு!"

மறுபடி முக்கினான். பாதம் வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"பேஷ், தொந்தியப்பா! இப்பத்தான் உன் கழுத்து எடுப்பா இருக்கு!" என்றது மயில். அத்தைமார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கரடி மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டு மருதாணியைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு நிமிஷம் தாங்கலையே. நீ ஒரு வாரமா தாங்கியிருக்கே. உன் மேல சாட்டையை வேற வீசிட்டேன். என்னை மன்னிச்சிடு தாயி! உன்னை எந்தச் சூளைக்கும் அனுப்ப மாட்டேன்" என்றான். கயிற்றைப் பிய்த்துப் பள்ளத்தில் வீசினான்.

பிறகு வண்டிப் பக்கம் திரும்பினான். "மயிலண்ணே, கீழே இறங்குங்க! வந்து தள்ளுங்க!"

"நானா? என் தோகை என்ன ஆகும்?"

"எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்!" என்று பதினோரு அத்தைமார்களும் சேர்ந்து அதைக் கீழே தள்ளினார்கள்.

மருதாணி தலையைத் தாழ்த்தினாள். மார்பால் முட்டினாள். கரடியும் மயிலும் பின்னால் தள்ளினார்கள். வண்டி கடகடவென்று ஏறியது. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கெட்டிமேளம் கொட்டியது. வெள்ளச்சிக்குத் தாலி ஏறியது.

எல்லாரும் பந்திக்கு ஓடினார்கள். கரடி மட்டும் இலையில் உட்காராமல், ஒரு தொட்டி தண்ணீரைத் தூக்கி வந்து மருதாணியின் முன்னால் வைத்தான். அவள் குனிந்து, ஆற அமரக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

நமக்காகப் பாடுபடுகிறவரை எப்படி நடத்துவது என்று வேடிக்கை பார்ப்பவர்களிடம் கேட்காதீர்கள், பாடுபடுகிறவரிடமே கேளுங்கள்.