மூச்சு விட்ட பிணம்

துணை நடிகை பவுனம்மாள் பிணமாக நடிப்பதில் கெட்டிக்காரி. அன்று அவள் ஹீரோ தேஜவர்மனின் செத்துப்போன அம்மா.

நாலாவது டேக்கிலும் ஹீரோ கத்தினார்: “பிணம் மூச்சு விடுது! என் வசனம் முடியிற வரைக்கும் அடக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஆளை மாத்துங்க!”

வசனமோ மூன்று நிமிடம்.

பவுனம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். “மாத்த வேணாம் சார். அம்மா செத்தா பிள்ளை மேல விழுந்து, உலுக்கி அழுவான். நீங்க உலுக்குறப்பல்லாம் நான் மூச்சு விட்டுக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது. சட்டை கசங்காம மூணடி தள்ளி நின்னீங்கன்னா, ஜனம் என் வயித்தைத்தானே பார்க்கும்?”

டைரக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒன் மோர்” என்றார்.

ஹீரோ வேறு வழியில்லாமல் மண்டியிட்டு, அவளை உலுக்கி அழுதார். டேக் ஓகே. லைட்மேன்கூட கண்ணைத் துடைத்தார்.

“பார்த்தியா, இப்பத்தான் ஒழுங்கா செத்தே” என்றார் ஹீரோ.

“நான் நாலு டேக்கும் செத்துத்தான் கிடந்தேன் சார். இப்பத்தான் உங்களுக்கு அம்மா செத்தாங்க.”